கரும்பு முதல் கலாசாலை வரை – 17: மிண்டன் குன்றின் ஸ்படிகக் கணக்கு

பிரிட்டிஷ் பட்டாளத்தார் விட்டுச்சென்ற மிண்டன் முகாமில் ஒரு சர்வகலாசாலை குடியேறிய விருத்தாந்தத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். 1969இல் பினாங்குப் பல்கலைக்கழகம் என்ற பெயரோடு பிறந்து, 1971இல் கெலுகோரின் அந்தக் குன்றுப்புறத்துக்கு வந்துசேர்ந்து, இன்று மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்று நாம் அழைக்கும் அந்த ஸ்தாபனத்துக்கு, ஜுருவிலிருந்து புறப்பட்டுப் பிறை வழியாகப் பாலம் ஏறுகிறவர்கள் தீவின் கரையில் இறங்கிய சற்று நேரத்திலேயே போய்ச் சேர்ந்துவிடலாம்; 1985க்கு முன்னால் என்றால் பட்டர்வொர்த்துக்குப் போய் ஃபெரிக்குக் காத்திருக்க வேண்டும். அதன் பௌதிகத் துறையைச் சேர்ந்த எக்ஸ்-கிரண ஸ்படிகவியல் பிரிவு என்ற சிறு பிரிவே இந்த இதழின் விஷயம். பினாங்குச் சரித்திரம் எழுதுகிறவர்கள் அதைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. கோட்டை, துறைமுகம், தைப்பூசம் என்றே அவர்கள் பேனா போய்விடுகிறது. ஆயினும் உலகத்தின் ரசாயன நூலகங்களில் பினாங்கு என்ற ஊர்ப்பெயர் அதிகமாக அச்சேறியது எதனால் என்று விசாரித்தால், விடை இந்தப் பிரிவின் பக்கமாகத்தான் போகும்.

இந்தத் தொடரின் முதற்பகுதிகளில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களையும் பின்னர் வந்த ரப்பரையும் பற்றி எழுதியபோது, பால் வெட்டுகிற தமிழனின் கை ஈயக்குவளையோடு நின்றுவிட்டதுபோலத் தோன்றியிருக்கும். உண்மையில் அந்தப் பால் உறைந்து தகடாகி ஐரோப்பா போனபின் அதற்கு வேறொரு வாழ்வும் இருந்தது. 1925இல் கட்ஸ் என்னும் விஞ்ஞானி ஒரு ரப்பர்த் துண்டை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் ஊடே எக்ஸ்-கிரணங்களைச் செலுத்தினார். தளர்ந்து கிடக்கும்போது மங்கலான ஒரு வளையத்தை மட்டுமே காட்டிய அந்தப் பண்டம், இழுபட்ட மாத்திரத்தில் ஸ்படிகத்துக்கே உரிய கூர்மையான புள்ளிகளைப் படத்தில் காட்டியது. விட்டதும் புள்ளிகள் மறைந்தன. ஒழுங்கற்ற நூற்சிக்கலாகக் கிடக்கும் அணுச்சங்கிலிகள் இழுவிசையில் வரிசை கூடுகின்றன என்பதே அதன் தாத்பரியம். அந்த வரிசையின் அளவுகளை 1942இல் பன் என்ற ஆங்கிலேயர் நிர்ணயித்தார். ஆனால் இழுபட்ட ரப்பரிலிருந்து கிடைப்பவை கைவிரல்விட்டு எண்ணத்தக்க சில பத்துப் புள்ளிகளே. குறையற்ற ஒற்றை ஸ்படிகம் ஒன்று கிடைத்தால், கடுகிலும் சிறியதாக இருப்பினும், அது ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தரும். அத்தனையையும் ஒன்றுவிடாமல் அளந்து எடுப்பதுதான் நாம் பார்க்கப்போகும் தொழில்.

1912இல் ம்யூனிக் நகரில் லௌவே என்பவரின் யோசனைப்படி ஃப்ரீட்ரிக், க்னிப்பிங் என்ற இருவர் மயில்துத்த ஸ்படிகத்தின் ஊடே கிரணத்தைச் செலுத்தி முதற்படத்தை எடுத்ததையும், அடுத்த சில மாதங்களுக்குள் பிராக் என்ற தந்தையும் மகனும் அந்தப் புள்ளிகளிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் மார்க்கத்தைக் கண்டு 1915இல் நோபல் பரிசு பெற்றதையும் பள்ளிப் புத்தகங்களே சொல்கின்றன. அவற்றை நான் விரிக்கப்போவதில்லை. ஒன்றுமட்டும் நினைவிலிருந்தால் போதும்: ஸ்படிகத்துக்குள் அணுக்கள் அடுக்கடுக்காக நிற்பதால், குறிப்பிட்ட சில கோணங்களில் மட்டுமே கிரணங்கள் ஒன்றோடொன்று கூடிப் பலமாக வெளிப்படுகின்றன, எந்தக் கோணத்தில் வெளிப்பட்டது என்பது அணு அடுக்குகளின் இடைவெளியைச் சொல்லும், எவ்வளவு பலத்தோடு வெளிப்பட்டது என்பது அந்த அடுக்கில் எந்த அணு எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும். கோணத்தை அளப்பது எளிது. பலத்தை அளப்பதில்தான் ஒரு நூற்றாண்டின் உழைப்பு கழிந்திருக்கிறது.

அந்த உழைப்பு தமிழ்நாட்டில் எப்படி நடந்தது என்பதைச் சொல்லாமல் மிண்டனுக்கு வருவது முறையாகாது. 1952இல் சென்னைச் சர்வகலாசாலை பௌதிகத் துறைக்கு ஒரு தலைவரைத் தேடியபோது, சர் சி. வி. ராமனின் சிபாரிசின்மேல் அவருடைய மாணாக்கர் ஜி. என். ராமச்சந்திரன் முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில் அங்கு வந்தார். பெங்களூரில் வைரத்தின் குறைகளை எக்ஸ்-கிரணத்தால் படமெடுத்தவர், கேம்பிரிட்ஜில் பயின்று திரும்பியவர். சென்னைக்கு வந்திருந்த பெர்னல் என்ற பேரறிஞர், தோலிலும் நாணிலும் உள்ள கொலாஜன் என்ற புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லையே என்று பேச்சுவாக்கில் சொன்னது ராமச்சந்திரன் மனத்தில் தைத்தது. பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநாண் கிடைத்தது. அந்த நாணிலிருந்து பெற்ற எக்ஸ்-கிரணப் படங்களை வைத்துக்கொண்டு, கோபிநாத் கர்த்தா என்ற சகாவோடு சேர்ந்து, மூன்று இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கிக்கொள்ளும் கொலாஜனின் வடிவத்தை 1954இலும் 1955இலும் ‘நேச்சர்’ பத்திரிகையில் அவர் வெளியிட்டார். புரதங்களின் வளைவுகளில் எவை சாத்தியம் எவை அசாத்தியம் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வந்தது. இன்று உலகில் எந்தப் புரதத்தின் அமைப்பு வெளியானாலும் அந்த வரைபடத்தில் வைத்துச் சோதிக்காமல் எவரும் ஏற்பதில்லை.

ராமச்சந்திரனின் புகழில் நமக்கெல்லாம் பங்குண்டு என்று பெருமைப்படுகிறோம், நியாயந்தான். எனினும் அந்தக் காலத்து ஸ்படிகச்சாலைகளில் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று யோசிக்கிறவர்கள் குறைவு. வைஸ்ஸன்பெர்க் காமிரா என்று ஒரு கருவி. ஒரு குழாய்க்குள் படச்சுருளை உருளையாக வளைத்து வைத்து, நடுவில் ஸ்படிகத்தை நிறுத்தி, அது இப்படியும் அப்படியும் திரும்பத்திரும்ப, அதே கதியில் காமிராவும் முன்னும் பின்னும் நகர, புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழாமல் விரிந்து பதியும்படி செய்வார்கள். ஓர் அடுக்குக்கு ஒரு படம். ஒவ்வொன்றுக்கும் பல மணி நேர வெளிச்சம். பிறகு இருட்டறை. பிறகுதான் உண்மையான வேலை: ஒரே புள்ளியை ஒரு வினாடி, இரண்டு வினாடி, நான்கு வினாடி என்று படிப்படியாகக் கருக்கவைத்துச் செய்த ஓர் அளவுப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்குப் பெட்டியின்மேல் விரித்த படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் அதோடு ஒப்பிட்டு, இதன் கருமை பன்னிரண்டு, அதன் கருமை நாற்பது என்று கண்ணால் மதிப்பிட்டு ஏட்டில் குறிப்பது. கருமை மிஞ்சிய புள்ளிகளைக் கண் பிரித்தறியாது என்பதற்காக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு படத்தாள்களை அடுக்கி வைப்பதும் உண்டு. பின்தாளில் விழுந்த மங்கலைத் தாள் உறிஞ்சும் விகிதத்தால் பெருக்கி முன்தாளின் அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஆயிரம் புள்ளிகளுக்கு இப்படி. அத்தனை பொறுமையோடு எண்களைச் சேகரித்தவர்களின் பெயர்கள் பெரும்பாலும் கட்டுரையின் கடைசியில் நன்றியுரையில் ஒரு வரியாக நின்றுவிட்டன. ஸ்படிகவியலின் சரித்திரத்தை விடுகதை அவிழ்த்தவர்களின் சரித்திரமாக மட்டுமே எழுதுகிற வழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

படச்சுருளின் இடத்தை எண்ணும் கருவிகள் பிடித்தபின் கண்ணுக்கு ஓய்வு கிடைத்தது, காலத்துக்குக் கிடைக்கவில்லை. நெதர்லாந்தின் என்ராஃப்-நோனியஸ் நிறுவனம் செய்த காட்-4 என்னும் யந்திரம் பல ஆண்டுகள் இத்தொழிலின் அரசனாக விளங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யின் பிராந்திய உபகரண மையத்தில் நின்ற ஒன்றைத் தமிழ்நாட்டின் பல கலாசாலைகள் நம்பியிருந்தன. கணினி கட்டளையிட, ஸ்படிகத்தை ஒரு நிலைக்குத் திருப்பி, எண்ணியை அதற்குரிய கோணத்தில் நிறுத்தி, ஒரே ஒரு பிரதிபலிப்பின் பலத்தை அளந்து எழுதிக்கொண்டு, அடுத்ததற்கு நகரும். மூவாயிரம் பிரதிபலிப்புகள் வேண்டுமானால் மூவாயிரம் முறை இந்தச் சடங்கு. ஒரு ஸ்படிகத்துக்கு இரண்டு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். இடையில் ஸ்படிகம் கிரணத்தில் வெந்து நொறுங்கினால் முதலிலிருந்து.

பினாங்கிலும் ஆரம்பத்தில் இத்தகைய ஒன்றை ஒவ்வொன்றாக அளக்கும் யந்திரமே இருந்தது. சீமென்ஸ் பி-4 என்பது அதன் பெயர். அந்தப் பிரிவை நடத்தியவர் பேராசிரியர் ஃபுன் ஹூங் குன். 1990களின் பிற்பாதியில் அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு சீமென்ஸ் ஸ்மார்ட் என்ற புதிய யந்திரம் வந்தது. இதில் ஒற்றை எண்ணிக்குப் பதிலாக ஒரு முழுப் பரப்பே கண்ணாக நிற்கிறது. கிரணம் பட்டால் ஒளிரும் ஒரு திரை, அந்த ஒளியைக் கற்றைக் கண்ணாடி இழைகளின் வழியே சுருக்கிக் கொண்டுபோய், கடுங்குளிரில் வைத்த ஒரு சிலிக்கன் சில்லின்மேல் விழச்செய்யும். இன்று எல்லோர் கைப்பேசியிலும் உள்ள காமிராவுக்கு மூத்த உறவு அந்தச் சில்லு. ஒரே வெளிச்சத்தில் பல பத்துப் பிரதிபலிப்புகள் ஒருங்கே பதிவாகிவிடும். வாரம் ராத்திரியாகச் சுருங்கியது.

அந்த ராத்திரியில் நடப்பது என்னவென்று அக்காலத்து மிண்டன் கட்டுரைகள் ஏறத்தாழ மாறாத ஒரே வாசகமாகச் சொல்லிக்கொண்டே வந்தன. அவசரக்காரர்கள் அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். எனக்கோ கட்டுரையின் மற்றப் பகுதிகளைவிட அதிலேதான் சுவை. ஸ்படிகத்தை மூன்று வேறு நிலைகளில், அதாவது 0, 88, 180 டிகிரிகளில் திருப்பி நிறுத்தி, மூன்று வரிசைகளாகப் படமெடுத்தோம்; ஒவ்வொரு படத்துக்கும் ஸ்படிகம் 0.3 டிகிரி திரும்பியது. ஸ்படிகத்துக்கும் திரைக்கும் 4 சென்டிமீட்டர். திரை பக்கவாட்டில் மைனஸ் 35 டிகிரி சாய்ந்திருந்தது. தேவையான பிரதிபலிப்புகளில் 99 சதவீதத்துக்கு மேல் கிடைத்துவிட்டன. முடிவில், தொடக்கத்தில் எடுத்த ஐம்பது படங்களை மீண்டும் எடுத்து ஒப்பிட்டதில் ஸ்படிகம் தேயவில்லை என்று கண்டோம் என்பது அதன் சாரம்.

ஒவ்வோர் எண்ணுக்கும் காரணம் உண்டு. 0.3 டிகிரி என்பது ஏன்? ஒரு பிரதிபலிப்பு ஒரே கணத்தில் தோன்றி மறைவதில்லை. ஸ்படிகம் சிறிது திரும்பும் நேரமெல்லாம் அது வளர்ந்து தேயும். அகலமாகத் திருப்பினால் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று மூடிவிடும், பின்புல மங்கலும் ஏறிவிடும்; மெல்லிய துண்டங்களாக வெட்டி எடுத்தால், புள்ளி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கணினி மூன்று திசையிலும் பார்த்துக் கூட்டிக்கொள்ளும். மூன்று நிலைகள் ஏன்? பிரதிபலிப்புகள் எல்லாத் திசைகளிலும் ஒரு கோளமாக நிரம்பியிருக்கின்றன. எதிரெதிர்ப் புள்ளிகள் பெரும்பாலும் சமபலம் உடையவை ஆகையால் அரைக்கோளம் கிடைத்தால் காரியம் நடக்கும். எவ்விதச் சமச்சீரும் இல்லாத ஸ்படிகத்துக்குக்கூட அது போதும். அந்த அரைக்கோளத்தை நிரப்ப ஆயிரத்து இருநூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வேண்டும். படத்துக்குப் பத்து வினாடி போதுமான நல்ல ஸ்படிகமும் உண்டு. முப்பது வினாடி கேட்கும் மெலிந்த ஸ்படிகமும் உண்டு. பின்னதானால் வெளிச்ச நேரம் மட்டுமே பத்து மணிக்கு மேல். கடைசியில் அந்த ஐம்பது படங்கள்: நாள் முடிவில் படிக்கல்லை மறுபடி தராசில் வைத்துப் பார்க்கும் மளிகைக் கடைக்காரரின் நேர்மை அதில் இருக்கிறது. இடையில் ஸ்படிகம் கெட்டிருந்தால் பின்னால் அளந்தவையெல்லாம் குறைந்த எடையாகப் போயிருக்கும் அல்லவா?

யந்திரம் இப்படி விழித்திருக்கும் என்றால், அதற்கு முன்னால் மனிதன் விழித்திருந்தாக வேண்டும். கரைசலிலிருந்து வந்த பொடியைக் கண்ணாடித்தட்டில் பரப்பி, துருவமாக்கிய ஒளி பாயும் நுண்ணோக்கியின் கீழ் மெல்லத் திருப்பிப் பார்ப்பார்கள். நல்ல ஒற்றை ஸ்படிகமானால் தொண்ணூறு டிகிரிக்கு ஒருமுறை முழுவதும் ஒரே சமயத்தில் இருண்டு மீண்டும் ஒளிரும். ஒரு பாதி இருண்டு மறுபாதி ஒளிர்ந்தால் அது இரட்டை, ஒதுக்கிவிட வேண்டியதுதான். ஒரு மில்லிமீட்டரின் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ இருக்கும் அந்தத் துணுக்கை மெல்லிய கண்ணாடி இழையின் நுனியில் பசையால் ஒட்டி, இழையைக் கோணமானியின் தலையில் பொருத்தி, எந்தப் பக்கம் திருப்பினாலும் குறுக்குக்கோட்டை விட்டு நகராதபடி திருகாணிகளைத் தொட்டுத் தொட்டு நிலைப்படுத்த வேண்டும். இந்த வேலையைப் புத்தகம் சொல்லித்தராது, கை பழகப் பழகத்தான் வரும். கிரணக்குழாயோ ஐம்பதாயிரம் வோல்ட்டில் எரிகிறது. அதில் செலுத்தும் மின்சக்தியில் ஒரு சதவீதம்கூட எக்ஸ்-கிரணமாவதில்லை, மிச்சமெல்லாம் உஷ்ணம். மாலிப்டினம் இலக்கு உருகாமல் காக்க ஓயாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அந்த இலக்கிலிருந்து வரும் கிரணத்தின் அலைநீளம் 0.71073 ஆங்ஸ்ட்ராம், மிண்டன் கட்டுரைகள் ஒவ்வொன்றிலும் இந்த எண் தவறாமல் வரும்.

இனி நம்மவர் கதை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறையிலிருந்து விடுப்பில் வந்து மிண்டனில் பணியாற்றிய ஸ்படிகவியலாரின் பெயர்கள் அக்காலத்துக் கட்டுரைகளில் ஃபுன்னின் பெயரோடு சேர்ந்தே வருகின்றன, கே. சின்னக்காளியின் பெயர் அவற்றுள் அடிக்கடி கண்ணில் படுவது. அவர்கள் ஊர் திரும்பியபின்னும் அந்தத் தொடர்பு அறுபடவில்லை. சென்னையில் ரசாயனர்கள் சமைத்த ஸ்படிகங்களும், மங்களூரிலும் சூரத்கல்லிலும் வளர்த்தவையும் கடல் தாண்டிப் பினாங்குக்கு வந்து அளவுபட்டுப் போயின. மங்களூர்ப் பௌதிகர்கள் ஒளியின் நிறத்தை மாற்றும் குணத்துக்காக வளர்த்த சால்கோன் ஸ்படிகங்கள் அவற்றுள் ஒரு பெருவரிசை. இந்த வியாபாரத்தின் போக்கைச் சற்று நின்று பார்க்க வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலில் வந்தது உடலுழைப்பு. இங்கிருந்து போனது சர்க்கரையும் பிற்பாடு ரப்பரும். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் அதே கடல்வழியில் வந்தது மூளையுழைப்பின் பயன், திரும்பிப்போனது எண்கள். அங்கே ரசாயனர் மிகுதி, யந்திரம் குறைவு. இங்கே யந்திரம் இருந்தது, அதற்கு ஓயாமல் தீனி வேண்டியிருந்தது.

ஸ்மார்ட்டுக்குப் பின் ப்ரூக்கர் நிறுவனத்தின் அபெக்ஸ்-2 வந்தது. அதோடு ‘கோப்ரா’ என்று பெயர் வைத்த குளிரூட்டி ஒன்றும் சேர்ந்தது; ஆக்ஸ்ஃபோர்டில் காசியரும் கிளேசரும் 1986இல் விவரித்த தத்துவப்படி, நைட்ரஜன் வாயுவை மைனஸ் 173 டிகிரிக்குக் குளிர்வித்து, ஒரு மெல்லிய தாரையாக ஸ்படிகத்தின்மேல் ஊதிக்கொண்டே இருக்கும். அணுக்கள் அறை உஷ்ணத்தில் தம் இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருப்பவை. அந்த நடுக்கத்தால் தொலைகோணப் பிரதிபலிப்புகள் மங்கிவிடும். குளிரில் நடுக்கம் அடங்க, மங்கியவை எழுந்து வரும்; கிரணத்தால் ஏற்படும் சேதமும் குறையும். லண்டனிலோ கோட்டிங்கனிலோ இது சௌகரியமான ஏற்பாடு. பினாங்கில் காற்றே பாதி தண்ணீர். குளிர்த்தாரையை ஈரக்காற்று தொட்டால் ஸ்படிகத்தின்மேல் பனி படியும். பனியும் ஒரு ஸ்படிகந்தான், தன் வளையங்களை அழைப்பின்றியே படத்தில் கொண்டுவந்து போடும். அதனால் குளிர்த்தாரையைச் சுற்றி உலர்ந்த வாயுவின் உறை ஒன்று கூடவே ஓட வேண்டும். அறையின் ஈரத்தையும் இரவும் பகலும் உறிஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். பினாங்கின் ஈரக்காற்றுக்கு எதிராக இப்படியொரு யுத்தம் நடந்திருக்கும் என்று அந்தக் கட்டுரைகளின் வறண்ட வாசகத்தைப் படித்து யாரும் ஊகிக்க மாட்டார்கள். ‘100.0 கெல்வினில் அளக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

எண்கள் கைக்கு வந்தபின் மிச்சக் காரியம் வேகமாக நடக்கும். ஒரே பிரதிபலிப்பைப் பல நிலைகளில் அளந்திருப்பதால், அவற்றிடையே உள்ள வேற்றுமையைக் கொண்டு ஸ்படிகம் உறிஞ்சிய பங்கைத் திருத்துவார்கள். ஹாப்ட்மனும் கார்லேயும் வகுத்து 1985இல் நோபல் பரிசு பெற்ற கணித முறைகளால், ஷெல்ட்ரிக் எழுதிய ஷெல்எக்ஸ் என்ற கணினி நிரல் அணுக்களின் இருப்பிடத்தைச் சில வினாடிகளில் சொல்லிவிடும். ராமச்சந்திரனின் சகா கர்த்தா அமெரிக்காவின் பஃபலோ நகருக்குப் போய், 1967இல் ரிபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தின் அமைப்பைச் சகாக்களுடன் வெளியிட்ட காலத்தில் மலையாக நின்ற கணக்கு, சிறு மூலக்கூறுகளின் வரையில் மேஜைக் கணினியின் வேலையாகிவிட்டது. அளவெடுப்பு மட்டும் அந்த அளவுக்குச் சுருங்க மறுத்தது.

2001இல் சர்வதேச ஸ்படிகவியல் சங்கம் ‘ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா’ பத்திரிகைக்கு ‘இ’ என்றொரு பகுதியைத் தொடங்கியது. ஓர் அமைப்பு, ஒரு குறுங்கட்டுரை என்பது அதன் நியதி. அதிலே உலகத்தில் மிக அதிகமாக எழுதியவர்கள் வரிசையில் முன்நின்ற இருவர் மலேசியர்கள்: ஒருவர் மிண்டனின் ஃபுன், மற்றவர் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இங் சீக் வெங். இருவர் பெயரிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டுரைகள். இது எண்ணிக்கை மோகம், புது உண்மை எங்கே என்று கேட்டவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் முழுதும் தள்ளமாட்டேன். பதவி உயர்வுக்காகக் கட்டுரை எண்ணும் காலத்தில் எளிதான பாதையில் கூட்டம் சேருவது இயல்பு. ஆனால் அகராதி தொகுப்பவனை நோக்கி நீ காவியம் எழுதவில்லையே என்று குறை சொல்வது பொருந்துமா? சரியாக அளந்து வெளியிட்ட ஓர் அமைப்பு, எவரும் தேடாமல் இருபது ஆண்டு கிடந்தாலும், தேடுகிறவன் வரும்போது அப்படியே பயன்படும்.

தவறாக அளந்ததும், அளக்காமலே எழுதியதும் என்னவாகும் என்பதற்கும் அதே பத்திரிகையில் உதாரணம் கிடைத்தது. சீனத்துக் கலாசாலை ஒன்றிலிருந்து வந்த எழுபது அமைப்புகளை 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பத்திரிகையின் ஆசிரியர்கள் பகிரங்கமாக வாபஸ் பெற்றார்கள். உண்மையாக அளந்த ஒரு ஸ்படிகத்தின் எண்களையே எடுத்துக்கொண்டு, அதிலுள்ள ஓரிரு அணுக்களை மட்டும் காகிதத்தில் மாற்றி, இது வேறு பொருள், அது வேறு பொருள் என்று பல கட்டுரைகளாக்கியிருந்தார்கள். பிடித்துக்கொடுத்தது எது? ஆசிரியர்கள் ஒவ்வொரு கட்டுரையோடும் அளந்த பிரதிபலிப்புகளின் முழுப் பட்டியலையும் கேட்டு வாங்கி வைத்திருந்தார்கள். அதைச் சோதிக்கும் நிரல்களின்முன் பொய் நிற்கவில்லை: இரண்டு வேறு பொருள்களின் பட்டியல்கள் ஒன்றையொன்று உரித்துவைத்ததுபோல் இருந்தன. விளக்கத்தில் பொய் கலக்கலாம், படத்தை அலங்கரிக்கலாம். பல ஆயிரம் எண்களை ஒன்றோடொன்று இசையப் பொய்யாகப் புனைவது, நேர்மையாக ஓர் இரவு யந்திரத்தை ஓட்டுவதைக் காட்டிலும் கடினம்.

1965இல் கேம்பிரிட்ஜில் ஆல்கா கென்னார்ட் அம்மையார் தொடங்கிய அமைப்புக் களஞ்சியத்தில், 2019 ஜூன் மாதத்தில் பத்து லட்சமாவது அமைப்பு சேர்ந்தது. அதில் மிண்டன் குன்றிலிருந்து போனவை ஆயிரக்கணக்கில். மருந்து செய்கிறவர்கள் புதிய மூலக்கூறு ஒன்றின் கிளைகள் எப்படி மடங்கும் என்று அறிய வேண்டும்போது முதலில் போய்த் தட்டும் கதவு அதுவே. அங்கே கிடைக்கும் சராசரிகளில், எவர் பெயரும் சொல்லாமல், மங்களூரில் வளர்த்துப் பினாங்கில் அளந்த ஒரு சால்கோனின் இரண்டு அணுக்களுக்கு இடைப்பட்ட தூரமும் கலந்திருக்கும்.

மிண்டன் குன்றுக்குத் தெற்கே, 1972 முதல் பாயான் லெப்பாஸில் எழுந்த தொழிற்சாலைகளிலும் ஒற்றை ஸ்படிகமே அஸ்திவாரம், அது சிலிக்கன். அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஜுருவிலிருந்தும் புக்கிட் தெங்காவிலிருந்தும் பஸ் ஏறிப்போன நம் பெண்களின் கதையை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.